ரோரோவா, கன்டெய்னரா? ஒரு சில்வியா டொராண்டோ வந்து சேர்ந்த கதை

2022 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு. ஜப்பானில் அப்போது வெள்ளிக்கிழமை பகல். நகோயாவில் நடந்த ஏலத்தில் ஒரு நிஸான் சில்வியா எஸ்15 கார் என் பெயருக்கு முடிந்துவிட்டதாக ஏஜென்டிடமிருந்து செய்தி வந்தது. பத்து வருட ஆசை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். மறுநாள் காலை அடுத்த மின்னஞ்சல் வந்தது: ரோரோவா, கன்டெய்னரா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.

இது எனக்கு முதல் இறக்குமதி இல்லை. 2019 கோடையில் மாஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர் கார் ஒன்றை ரோரோவில் கொண்டுவந்திருந்தேன். அதனால் யோசிக்காமல் ரோரோ என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அனுப்பியிருந்தால் சில்வியாவின் முன் பம்பர் ஜப்பானைத் தாண்டியிருக்காது. அந்த மூன்று நாளிலும் அதற்கடுத்த மூன்று மாதத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். வேறு நாட்டில் இருந்தால் துறைமுகத்தின் பெயரும் வரிக் கணக்கும் மாறும், மற்றதெல்லாம் இதேதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோரோ என்பது பல மாடி கார் நிறுத்துமிடத்தைத் தூக்கிக் கடலில் மிதக்கவிட்டது போன்ற கப்பல். துறைமுக ஆட்கள் காரை ஓட்டிச் சாய்தளத்தில் ஏற்றி, உள்ளே வரிசையாக நிறுத்தி, கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குவார்கள். கன்டெய்னர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரும்புப் பெட்டி, உள்ளே கார், கதவில் சீல். ரோரோவுக்குக் கட்டணம் காரின் கன அளவை வைத்து. எஸ்15 நீளம் 4,445 மில்லிமீட்டர், அகலம் 1,695, உயரம் 1,285. பெருக்கினால் சுமார் 9.7 கன மீட்டர். பின்னால் பெரிய இறக்கை வைத்த கார் என்றால் உயரம் கூடும், காசும் கூடும். கன்டெய்னரில் அந்தக் கவலை இல்லை, பெட்டிக்குத்தான் வாடகை.

ரோட்ஸ்டர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கை படாத கார். உயரம் குறைக்கவில்லை, வெளிச்சந்தைப் பாகம், அதாவது கார் கம்பெனி போடாத பாகம், எதுவும் இல்லை, ஒரு டன் எடைகூடக் கிடையாது. யோகோஹாமாவில் ஏறி, பசிபிக்கைக் கடந்து, பனாமா கால்வாய் வழியாகக் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் வந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம். மேல் துணியில் கிழிசல் இல்லை, உடம்பில் கீறல் இல்லை. கியர் குமிழ் மட்டும் இல்லை. முந்தைய உரிமையாளர் வைத்திருந்த, நார்டி என்ற இத்தாலியக் கம்பெனியின் மரக் குமிழ் அது, ஏலப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. டிக்கியிலிருந்த ஜாக்கியும் டூல் பையும் போயிருந்தன. ரோரோவில் சாவி காரோடுதான் போகும். ஏல முற்றத்திலிருந்து டொராண்டோ வந்து இறங்கும் வரை எத்தனை பேர் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்களோ, யாரைப் போய்க் கேட்பது? கழற்றக்கூடிய எதையும் ரோரோ காரில் விட்டுவைக்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். குமிழைக் கழற்றித் தனியாக அஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய பாடம் கணக்கில் இருந்தது. கப்பல் கட்டணம் மலிவு என்பதால்தான் ரோரோவை எடுத்தேன். ஆனால் கார் வந்து நின்றது ஹாலிஃபாக்ஸில், வீடு இருப்பது டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். நடுவே 1,800 கிலோமீட்டர். நம்பர் பிளேட்டும் காப்பீடும் இல்லாத காரை ஓட்டிவர முடியாது. லாரியில் இடம் கிடைக்க இரண்டு வாரம் காத்திருந்தேன். லாரிக் கூலியையும் துறைமுகச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, டொராண்டோ வரைக்கும் கன்டெய்னரில் வந்திருந்தால் ஆகியிருக்கும் தொகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விலை கேட்கும்போது துறைமுகத்துக்குத் துறைமுகம் கேட்காதீர்கள். ஏல முற்றத்திலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேளுங்கள். வான்கூவரில் இருப்பவருக்கு ரோரோ கண்ணை மூடிக்கொண்டு லாபமாக இருக்கலாம், கடல் பயணமும் குறைவு. கப்பல் மேற்குக் கரைக்கு வருகிறதா, கிழக்குக் கரைக்கா, நீங்கள் எந்தக் கரைக்குப் பக்கம் என்பதைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

சரி, சில்வியாவுக்கு வருவோம். எஸ்15, 1999 முதல் 2002 வரை தயாரானது. வட அமெரிக்காவில் நிஸான் இதை விற்கவே இல்லை. கனடாவில் 15 வருடம் கடந்த கார் என்றால் இறக்குமதிக்குத் தடை இல்லை, அமெரிக்காவில் 25 வருடம் ஆக வேண்டும். அமெரிக்கர்களுக்கு 2024ல் கதவு திறக்கும், அதன்பின் விலை கைக்கு எட்டாது என்ற அவசரத்தில்தான் நான் 2022லேயே ஏலத்தில் இறங்கினேன். அந்த அவசரத்தில், காரின் நிலையை எழுதித் தரும் ஏலத் தாளை முழுதாகப் படிக்கவில்லை. இன்ஜின், துரு, மாற்றிய பாகம் எல்லாவற்றையும் பார்த்தேன். ஓரத்தில் கையால் கிறுக்கியிருந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, மிசிசாகாவில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரை அழைத்தேன். கோயிலில் பழக்கம். இருபது வருடமாகக் கன்டெய்னரோடு வாழ்பவர். காரின் விவரத்தைச் சொன்னதும் அவர் விலையைப் பற்றியே பேசவில்லை.

"தம்பி, முன் பம்பருக்கும் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி எண்டு அளந்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் கப்பல் கதை."

ஜப்பான் ஏஜென்டுக்கு எழுதினேன். ஞாயிறு இரவு படம் வந்தது. பம்பருக்கு அடியில் ஒரு இரும்பு அளவுகோல் நிற்கிறது. 85 மில்லிமீட்டர். கூடவே, அந்தக் கிறுக்கல் வரிக்கு விளக்கமும் எழுதியிருந்தார்: ஷாகோச்சோ. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன். முந்தைய உரிமையாளர் அதை நன்றாக இறக்கி ஓட்டியிருக்கிறார்.

ரோரோ கப்பல் கம்பெனிகள் தரைக்கும் காருக்கும் குறைந்தபட்ச இடைவெளி கேட்பார்கள். எங்களுக்குச் சொன்ன அளவு 85ஐ விட அதிகம். சாய்தளம் தரையோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும், தாழ்ந்த கார் அங்கேதான் உரசும். இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. வெளிச்சந்தை பம்பர் போட்டதில் முன்பக்க இழுவைக் கொக்கி மறைந்துபோயிருந்தது. ரோரோவில் பட்டை மாட்டக் கொக்கி வேண்டும். கொக்கி இல்லையென்றால் ஏற்ற மறுக்கலாம், அல்லது கைக்கு அகப்பட்ட இடத்தில் கட்டுவார்கள், அது இன்னும் மோசம். சஸ்பென்ஷனை உயர்த்திவிட்டு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். செய்யலாம். சில இடங்களில் செய்தும் கொடுப்பார்கள். ஆனால் இந்தக் காரோடு நான்கு அசல் சக்கரங்களும் ஒரு பெட்டி அசல் பாகங்களும் சேர்த்து வாங்கியிருந்தேன். ரோரோ காருக்குள் உதிரிச் சாமான் வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. அத்தோடு முடிவாகிவிட்டது.

இதில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கப்பல் முறையை முடிவு செய்யவேண்டிய நாள் ஏலத்துக்கு முந்தைய நாள். கார் எவ்வளவு தாழ்வு, கொக்கி இருக்கிறதா, தானாக ஓடுமா, கூட என்ன சாமான் வருகிறது என்ற நாலும் ஏலத் தாளிலும் படத்திலும் கிடைக்கும். இல்லையென்றால் ஏஜென்ட் நேரில் போய்ப் பார்ப்பார். அதை வைத்துக் கப்பலைத் தீர்மானித்து, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் ஏலம் கேட்க வேண்டும். நான் ஏலத் தொகையை உச்சத்தில் வைத்துவிட்டு, ரோரோ விலைக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தேன். கன்டெய்னர் என்றானதும் மீதிப் பணத்துக்குத் தீபாவளிச் செலவில் கைவைக்க வேண்டியதாயிற்று.

கன்டெய்னரிலும் இரண்டு வழி. 20 அடிப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், ஒரு கார் தனியாகப் போகும். 40 அடிப் பெட்டியில் சுமார் 12 மீட்டர், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். பெட்டிக்குள் தாங்கு சட்டகம் அமைத்து மேலும் கீழுமாக மூன்று, நான்கு கார் ஏற்றுவதும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. நம் காருக்கு மேலே இன்னொருவர் கார் தொங்கும், அதிலிருந்து எண்ணெய் சொட்டினால் நம் கூரையில்தான். நான் இருவர் பகிரும் 40 அடியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு காருக்கும் நடுவே சக்கரங்களுக்கும் பாகப் பெட்டிக்கும் தாராளமாக இடம் இருந்தது. விலை பாதியாகக் குறைந்தது. ஆனால் பகிர்வு என்றால் காத்திருப்பு. இன்னொரு கார் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அவசரம் உள்ளவர்கள் பகிரக் கூடாது. இடையில் முற்ற வாடகை யார் தலையில் விழும் என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த மூன்று வாரத்தில்தான் பருவம் மாறிவிட்டது. கப்பல் வான்கூவருக்கு வரும், பெட்டி அங்கிருந்து ரயிலில் டொராண்டோ பக்கத்திலுள்ள பிராம்ப்டன் முனையத்துக்கு வரும் என்று திட்டம். அண்ணன் ஒருநாள் அவராகவே அழைத்தார்.

"ரேடியேற்றருக்குள்ள என்ன நிக்குது எண்டு கேட்டனீங்களோ?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பெட்டி டிசம்பரிலோ ஜனவரியிலோ ராக்கி மலையையும் சமவெளி மாகாணங்களையும் தாண்டி வரும். அங்கே மைனஸ் 30 சாதாரணம். ரயில் எங்காவது இரண்டு நாள் நின்றால் பெட்டிக்குள்ளும் அதே குளிர்தான். ஜப்பானில் பந்தயத் தடத்தில் ஓட்டும் ஆட்கள் பலர் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், தடத்தில் சிந்தினால் வழுக்கக் கூடாது என்று. தண்ணீர் உறைந்தால் விரியும், இன்ஜின் பிளாக் வெடிக்கும். எந்தக் காப்பீடும் அதற்குப் பணம் தராது, காரில் ஏற்கெனவே இருந்த குறை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அன்றிரவே எழுதினேன். அளந்து பார்த்ததில் கிட்டத்தட்ட தண்ணீர்தான். முழுவதையும் வடித்து, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டு, எல்லாக் குழாயிலும் கலக்கச் செய்தார்கள். அந்தக் கலவை மைனஸ் 35 வரை தாங்கும். அதற்கான கூலி மிகச் சிறியது. குளிர்காலத்தில் கனடாவுக்கு வரும் எந்தக் காருக்கும், எந்தக் கப்பலானாலும், இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

பெட்டியை மூடும் முன் கேட்டு வாங்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகள் பூச்சி நீக்கச் சூடேற்றியவையாக, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியவையாக இருக்க வேண்டும். கனடா அதில் கண்டிப்பு. காரின் அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. உணவு ஆய்வு முகமை மண்ணைக் கண்டால் கழுவச் சொல்லும், திருப்பி அனுப்பவும் அதிகாரம் உண்டு. ஜப்பானிலேயே அடிப்பக்கம் கழுவிப் படம் எடுக்கச் சொன்னேன். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பெட்டிச் சுவரில் தொங்கவிடச் சொன்னேன். மூடிய பெட்டியில் பகலும் இரவும் மாறி மாறி வெப்பம் மாறும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும், இருக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். ரோரோவில் காற்றோட்டம் உண்டு என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

காப்பீடு பற்றி. ரோட்ஸ்டருக்கு "காப்பீடு சேர்த்து" என்று எழுதியிருந்ததை நம்பினேன். பிறகு படித்தால் கப்பலே மூழ்கினால் மட்டும் பணம், கீறலுக்கோ திருட்டுக்கோ கிடையாது. முழு இழப்பு மட்டுமா, எல்லா ஆபத்துக்குமா என்று வார்த்தைக்கு வார்த்தை கேளுங்கள். எந்தக் கப்பல் பாதுகாப்பு என்று சிலர் விவாதிப்பார்கள். 2006ல் கூகர் ஏஸ் என்ற ரோரோ கப்பல் அலாஸ்காவுக்குத் தெற்கே பக்கவாட்டில் சரிந்தது. அதிலிருந்த 4,700 மாஸ்டா கார்களை, பெரும்பாலும் கீறல்கூட இல்லாதவற்றை, கம்பெனியே நொறுக்கியது. 2021 அக்டோபரில் ஜிம் கிங்ஸ்டன் கப்பலிலிருந்து 109 கன்டெய்னர்கள் வான்கூவர் தீவுக்கு அருகே கடலில் விழுந்தன. கடலுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொன்று: ஆபத்தில் கப்பலைக் காப்பாற்றச் செலவானால் அந்தச் செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுத் தர வேண்டும் என்பது கடல் சட்டம். நம் கார் பத்திரமாக இருந்தாலும், பங்குக்கு உத்தரவாதம் தரும்வரை விடமாட்டார்கள். காப்பீடு இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே காப்பீடு எடுக்கலாம்.

பில்லில் ஒரு சின்ன விஷயம். கனடாவில் சுங்க மதிப்பில் கடல் கட்டணம் சேராது, அது தனியாகக் காட்டப்பட்டிருந்தால். பிரிட்டனில் சேரும். அதனால் கார் விலையையும் கப்பல் கட்டணத்தையும் ஒரே தொகையாக எழுதாமல் தனித்தனி வரியில் போடச் சொல்லுங்கள். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்றிதழின் அசல் கையில் வரும்வரை மனம் நிம்மதிப்படாது. அதைக் கூரியரில்தான் வாங்க வேண்டும்.

2023 ஜனவரி கடைசி வாரம், பிராம்ப்டனில் ஒரு சுங்கக் கிடங்கு. மைனஸ் 14. சீலை வெட்டிக் கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது சில்வியாவின் பின் விளக்குகள். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் முப்பது சென்டிமீட்டர்தான். சில்வியாவின் கதவோ நீளமானது, அந்த இடத்தில் திறக்கவே முடியாது. ஏற்றியவர்கள் வலப்பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, இருக்கைக்குப் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தார்கள். கிடங்கு ஊழியர் கனத்த கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கார் பக்கமாக ஒருக்களித்து நடந்து, தலையை முதலில் விட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தார். பெரிய ஆள் அவர். பேட்டரி இணைப்பு கழற்றியிருந்ததால் இன்ஜினை ஓட்ட முடியாது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் மூவர் காரைக் கயிற்றால் இழுத்தோம். சாய்தளத்தில் நீளமான பலகைகளை அடுக்கி, பம்பர் உரசுகிறதா என்று நான் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விரல் இடைவெளியில் தப்பியது.

கையெழுத்துப் போடும் முன் ஏற்றியபோது எடுத்த படங்களை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். இடது பின் சக்கரத்தின் விளிம்பில் பட்டை உரசிய தடம், கட்டைவிரல் அகலம். தாளில் எழுதிவைத்தேன். காப்பீட்டில் நம் பங்காக ஏற்கவேண்டிய தொகையை விடச் சேதம் குறைவு, அதனால் ஒன்றும் வரவில்லை. சக்கரத்தைக் கட்டுங்கள், சஸ்பென்ஷன் கையைக் கட்டாதீர்கள் என்று நானேதான் சொல்லியிருந்தேன். அப்படிக் கட்டும்போது விளிம்புக்கும் பட்டைக்கும் நடுவே துணி வைக்கச் சொல்ல வேண்டும் என்று இப்போது தெரியும்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு அடியில் பார்த்தபோது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் சொட்டு விழுந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றது. பிறகு பார்த்தால் கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்தது உறைந்து, தொட்டி கீழ்ப்பக்கமாக விரிந்துபோயிருந்தது. ரேடியேட்டரை நினைத்த நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை. கூலன்ட் மாற்றும்போதே அந்தத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லிவிடுங்கள்.

கிடங்கிலிருந்தே அண்ணனை அழைத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை அவர்.

"தம்பி, பிளாக் எப்பிடி?"

"ஒண்ணும் ஆகலை அண்ணா. ஓடிக்கிட்டிருக்கு, கேளுங்க" என்று போனை இன்ஜின் பக்கம் நீட்டினேன்.